துணி மலையும் தொலைந்த பாபினும்

இந்த முறை தையல் பகுதிக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தையலைப் பற்றியவை அல்ல, தையல் அறையைப் பற்றியவை. துணியை எங்கே வைப்பது, ஊசி எங்கே போச்சு, மேஜையில் மெஷின் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை என்கிற ரகம். ஒவ்வொருவருக்கும் தனியாக எழுத முடியாது என்பதால், திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: அக்கா, வீட்டில் ஒரு சின்ன அறையைத் தையலுக்கென்று ஒதுக்கிக்கொண்டேன். மெஷின், இஸ்திரி மேஜை, குயில்ட் (துண்டுத்துணிகளைச் சேர்த்து, உள்ளே பஞ்சு வைத்துத் தைக்கிற போர்வை) துணி, நூல், லேஸ் எல்லாம் ஒரே குவியல். மூடி போட்ட பெட்டிகள் ஒரு டஜன் வாங்கினால் சரியாகிவிடுமா?

பதில்: வாங்காதீர்கள், இப்போதைக்கு ஒன்றுகூட வேண்டாம். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஒரே அளவில், ஒரே நிறத்தில் பெட்டிகள் வாங்கி அடுக்கி, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டு இருந்தேன். மூன்றாவது வாரம் ஒரு ஜிப்பைத் தேடிப் பன்னிரண்டு பெட்டிகளையும் தரையில் இறக்க வேண்டியதாகிவிட்டது. உங்களிடம் எது எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் எந்த அளவுப் பெட்டி, எத்தனை பெட்டி என்பதே தெரியும்.

முதலில் அறையை மூன்று இடமாக மனதுக்குள் பிரித்துக்கொள்ளுங்கள்: வெட்டும் இடம், தைக்கும் இடம், இஸ்திரி போடும் இடம். அப்புறம் ஒரு நாள் முழுக்க எதையும் ஒழுங்குபடுத்தாமல் சும்மா தையுங்கள். மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது எதற்கெல்லாம் எழுந்து போனீர்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் குறித்து வையுங்கள். சின்னக் கத்தரி, குண்டூசி, தையல் பிரிக்கும் கருவி, இப்போது ஓடுகிற நூல், அதற்கான பாபின் (அடிநூல் சுற்றுகிற சின்ன உருளை), அநேகமாக இவ்வளவுதான் வரும். அவை மட்டும் மெஷினுக்குப் பக்கத்தில், உட்கார்ந்த நிலையில் கைக்கு எட்டும்படி இருக்கட்டும். ஸ்கேல், ரோட்டரி கட்டர் (சக்கரம் மாதிரி உருளும் பிளேடு வைத்த கத்தி), சாக்பீஸ், பெரிய கத்தரி எல்லாம் வெட்டும் மேஜைக்குப் போகட்டும். தண்ணீர் தெளிப்பான், ஒட்டு கான்வாஸ் (சூடு பட்டால் துணியோடு ஒட்டிக்கொள்கிற விறைப்புத் துணி) இரண்டும் இஸ்திரிக்குப் பக்கத்தில். வருடத்துக்கு இரண்டு முறை எடுக்கிற பொருள் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் மேல் தட்டுக்குத்தான்.

ஒரே பொருள் இரண்டு இடத்தில் இருந்தால் வீண் என்று நினைக்காதீர்கள். தையல் பிரிக்கும் கருவி தொலைகிறது தொலைகிறது என்று நான் நாலு வாங்கினேன், அறையைக் கவிழ்த்துச் சுத்தம் செய்த அன்றைக்கு நாலும் கிடைத்தன. இப்போது ஒன்று மெஷினருகே, ஒன்று இஸ்திரியருகே, மீதி இரண்டும் தோழிகளிடம்.

இன்னொன்று, உயரம். மெஷின் மேஜை 28 முதல் 30 அங்குலம் இருந்தால் பெரும்பாலானவர்களுக்குத் தோள் தூக்காமல் தைக்க முடியும். ஆனால் நின்றுகொண்டு வெட்டும் மேஜைக்கு அந்த உயரம் போதாது, 36 அங்குலம் அளவுக்கு வேண்டும். சாதாரண மேஜையில் குனிந்து குயில்ட் துண்டுகளை வெட்டிவிட்டு அடுத்த நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவர்கள், மேஜைக் கால்களுக்கு அடியில் உறுதியான மரக்கட்டை கொடுத்துப் பாருங்கள். நகராத கட்டையாகப் பார்த்து வையுங்கள்.

கேள்வி: துணிகளை நிறவாரியாக அடுக்குவதா, வகைவாரியாகவா? ஒன்றை உருவினால் மொத்த அடுக்கும் சரிகிறது.

பதில்: முதலில் வகை, அதற்குள் நிறம். பனியன் துணி மாதிரி இழுபடுகிறவை தனி, லைனிங் தனி, குயில்டுக்கான பருத்தி தனி. நிறவாரி அடுக்கு பார்க்க வானவில் மாதிரி இருக்கும், ஆனால் நீலத் துணி என்று உருவினால் கையில் லைனிங்தான் வரும். குயில்ட் பருத்திக்குள் மட்டும் நிறவாரி நன்றாக வேலை செய்கிறது, ஏனென்றால் அங்கே நாம் தேடுவதே நிறத்தைத்தான்.

சரிகிற அடுக்குக்குக் காரணம் மடிப்புதான். 44 அங்குல அகலத் துணியைக் கரையோடு கரை சேர்த்து இரண்டாக மடித்தால் 22 அங்குலம். அதை 6 அங்குல அகல ஸ்கேலைச் சுற்றிச் சுற்றிக்கொண்டே போய், ஸ்கேலை உருவிவிட்டு, மறுபடி நடுவில் ஒரு மடிப்பு. 6க்கு 11 அங்குலத்தில் ஒரு கட்டு கிடைக்கும். எல்லாத் துணியும் இதே அளவில் வந்துவிட்டால், படுக்க வைக்காமல் புத்தகம் மாதிரி நிற்க வைக்கலாம், ஒன்றை எடுத்தால் பக்கத்தில் இருப்பது அசையாது. எத்தனை மீட்டர் மிச்சம் என்று ஒரு சீட்டில் எழுதிக் குண்டூசியால் குத்திவிடுங்கள், ஒவ்வொரு முறையும் பிரித்து அளக்கிற வேலை மிச்சம்.

வெயில் படுகிற அலமாரி மட்டும் வேண்டாம். மடிப்பின் விளிம்பில் மட்டும் சாயம் வெளுத்து, விரித்தால் நடுவில் கோடு கோடாகத் தெரியும்.

துவைத்த துணியும் துவைக்காததும் கலந்துபோகாமல் இருக்க ஒரு சின்ன வித்தை இருக்கிறது. துவைக்கப் போடும் முன் நாலு மூலையையும் லேசாகச் சாய்வாக வெட்டிவிடுங்கள். நூல் பிரிவது குறையும், அப்புறம் மூலை வெட்டுப்பட்டிருந்தால் துவைத்தாயிற்று என்று பார்த்தவுடன் தெரியும்.

என்ன துணி என்றே தெரியாத பழைய துண்டுகள் இருந்தால், ஓரத்திலிருந்து நாலு நூல் உருவி, ஒரு உலோகத் தட்டின் மேல் இடுக்கியால் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிகிற மணத்தோடு எரிந்து மெத்தென்ற சாம்பலாகும், பாலியெஸ்டர் சுருங்கி உருகிக் கெட்டியான மணியாகும், பட்டும் கம்பளியும் முடி கருகுகிற நாற்றம் அடிக்கும். பார்த்ததும் சீட்டில் எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து மறுபடி கொளுத்துவீர்கள்.

கேள்வி: துண்டுத்துணிகளை எறிய மனசே வரவில்லை. இரண்டு மூட்டை சேர்ந்துவிட்டது. ஏதாவது வழி சொல்லுங்கள்.

பதில்: எனக்குப் பிடித்த கேள்வி, ஏனென்றால் இந்த நோய் எனக்கும் உண்டு.

மூட்டையில் கிடக்கிற துண்டு எதற்கும் பயன்படாது, அளவாக வெட்டிய துண்டுதான் துணி. எந்த அளவில் வெட்டுவது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கடையில் சதுரமாக வெட்டி விற்கிற கட்டுகள் பெரும்பாலும் 5 அங்குலம் என்பதால் வீட்டிலும் 5 அங்குலச் சதுரம் வெட்டி வைப்பார்கள், பட்டையை மட்டும் இரண்டரை அங்குலத்தில் வெட்டுவார்கள். இரண்டும் ஒன்றோடொன்று சேராது. கணக்கைப் பாருங்கள்: குயில்டில் எல்லாப் பக்கமும் கால் அங்குலம் தையலுக்குப் போகிறது. இரண்டரை அங்குலச் சதுரம் தைத்த பின் 2 அங்குலம். அப்படி நாலைச் சேர்த்தால், வெளி ஓரத்தில் இன்னும் தைக்காத அரை அங்குலத்தோடு வருவது நாலரை அங்குலச் சதுரம், ஐந்து அல்ல. ஆகவே இரண்டரை, நாலரை, ஆறரை என்று மூன்று அளவை வைத்துக்கொள்ளுங்கள். தைத்த பின் 2, 4, 6 ஆகி எதை எதோடு வேண்டுமானாலும் சேர்க்கலாம்: நாலு சின்னது ஒரு நடுத்தரத்துக்குச் சமம், ஒன்பது சின்னது ஒரு பெரியதற்குச் சமம். 5 அங்குலக் கட்டுகள் வாங்கிப் பழகியவர் என்றால் அவற்றைத் தனியாகவே வையுங்கள், கலக்காதீர்கள்.

நீளமான துண்டுகளை இரண்டரை அங்குலப் பட்டையாக வெட்டுங்கள். சதுரம் வேண்டுமென்றால் பட்டையிலிருந்து எப்போது வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம்.

ஒன்றரை அங்குலத்துக்குக் குறைவானதை விட்டுவிடுங்கள். சரி, மனம் கேட்காவிட்டால் தரையில் போடும் மெத்தைக்கு அடைக்கலாம். தலையணைக்கு வேண்டாம், துணி அடைத்த தலையணை கல் மாதிரி கனக்கும், நான் ஒன்று செய்து வைத்திருக்கிறேன், இப்போது அது கதவுக்கு முட்டுக்கொடுக்கிறது.

இரண்டு மூட்டையையும் ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். ஒவ்வொரு தடவை தைத்து முடித்ததும் ஒரு கை அளவு எடுத்து வெட்டுங்கள், போதும். முக்கியமாக, இன்று விழுகிற துண்டை இன்றே வெட்டிவிடுங்கள், மூன்றாவது மூட்டை சேராது.

கேள்வி: வீட்டில் இரண்டு மெஷின். பாபின்கள் கலந்துவிட்டன. ஒன்று சரியாக ஓடுகிறது, ஒன்று சிக்குகிறது. மெஷினில்தான் கோளாறா?

பதில்: பாபினில்தான் இருக்கும் போல. கிளாஸ் 15 என்கிற வகையும் எல் என்கிற வகையும் மேலிருந்து பார்த்தால் ஒரே வட்டம்தான், உயரம்தான் வேறு: முதலாவது சுமார் 11.7 மில்லிமீட்டர், இரண்டாவது சுமார் 9. பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்துப் பார்த்தால் குட்டையானது தெரிந்துவிடும். பிரித்து, இரண்டு டப்பாவில் போட்டு, எந்த மெஷினுக்கு உரியது என்று மேலே எழுதுங்கள். பழைய நூல் மிச்சம் இருக்கும் பாபினில் அதன் மேலேயே புது நூலைச் சுற்றுகிற பழக்கத்தையும் விடுங்கள், அதுவும் சிக்கும்.

கேள்வி: ஊசிகள் எல்லாம் ஊசி மெத்தையில் குத்தியிருக்கின்றன. எது எந்த எண், எது பழையது என்று கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: எண்ணைக் கண்டுபிடிக்கலாம், ஊசியின் தடித்த மேல்பகுதியில் பொடியாகப் பொறித்திருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாவிட்டால் போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். 80/12 என்றால் ஊசியின் தடிமன் 0.80 மில்லிமீட்டர், அந்த 12 அமெரிக்கக் கணக்கு, இரண்டும் ஒரே ஊசியைத்தான் சொல்கின்றன. குயில்ட் பருத்திக்கு 80 அல்லது 90 போதும், மெல்லிய துணிக்கு 70, ஜீன்ஸுக்கு 100.

பழையதா என்பதை மட்டும் ஊசி சொல்லாது. சுமார் எட்டு மணி நேரம் தைத்தால் மாற்றிவிடுவது பொதுவான வழக்கம். தையல் விட்டுவிட்டு விழுந்தாலோ, துணியில் இறங்கும்போது டொக் டொக் என்று சத்தம் வந்தாலோ அதற்கு முன்பே மாற்றுங்கள். மெஷினில் இப்போது இருக்கிற ஊசியின் எண்ணையும் மாட்டிய தேதியையும் ஒரு சின்ன ஒட்டுச்சீட்டில் எழுதி மெஷின் மேலேயே ஒட்டுங்கள். மெத்தையில் அடையாளம் தெரியாமல் இருப்பவை எல்லாம் மூடி உள்ள மருந்து பாட்டிலுக்குள் போய், பாட்டில் நிறைந்ததும் மூடியை ஒட்டிக் குப்பைக்குப் போகட்டும். கட்டர் பிளேடும் அப்படித்தான், வெறுமனே குப்பைப் பையில் போட்டால் யாரோ ஒருவர் கையைக் கிழிக்கும்.

கேள்வி: ரோட்டரி கட்டருக்கு அடியில் போடுகிற மேட், சுவரில் சாய்த்து வைத்தேன். வளைந்துவிட்டது.

பதில்: சாய்த்தால் வளையும், சூடு பட்டால் இன்னும் வளையும். படுக்க வையுங்கள், கட்டிலுக்கு அடியில்கூட வைக்கலாம், இடமே இல்லையென்றால் மேல் விளிம்பை முழுக்கப் பிடிக்கிற மாதிரி கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். அதன் மேல் இஸ்திரி போடவே கூடாது, சுடச்சுட டம்ளர் வைப்பதும் வேண்டாம். வளைந்துவிட்ட மேட் பழையபடி ஆவது அபூர்வம், அதில் நேராக வெட்டவும் முடியாது. அதைச் சின்னத் துண்டுகளாக்கி, கொஞ்சம் சமமாக இருக்கிற பகுதியை மெஷினருகே வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: பாதியில் விட்ட வேலைகள் மட்டும் பதினொன்று இருக்கின்றன. அறை ஒழுங்காகாததற்கு அதுதான் காரணம் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

பதில்: வீட்டில் சரியாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் அதை அவர்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டிய அவசியமில்லை. குயில்ட் செய்கிறவர்கள் இதற்கு யூஎஃப்ஓ என்று பெயரே வைத்திருக்கிறார்கள், ஆங்கிலத்தில் முடிக்காத பொருள் என்பதன் சுருக்கம், பறக்கும் தட்டு மாதிரியே எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

ஒரு வேலைக்கு ஒரு பை. அந்தத் துணி, அதற்கான நூல், வெட்டிய துண்டுகள், மாதிரிப் படம் எல்லாம் அதற்குள். கூடவே ஒரு சீட்டு, அதில் அடுத்து செய்ய வேண்டியது என்ன என்று ஒரே வரி: 'நடுக்கட்டம் ஆறும் தைத்தாயிற்று, ஓரப்பட்டை வெட்ட வேண்டும்' என்கிற மாதிரி. பாதியில் விட்டதை நாம் மறுபடி தொடாததற்குக் காரணம் பெரும்பாலும் சோம்பல் இல்லை, எங்கே விட்டோம் என்பதைக் கண்டுபிடிக்கவே ஒரு மணி நேரம் ஆகும் என்கிற பயம்தான். சீட்டு இருந்தால் உட்கார்ந்தவுடன் தொடங்கலாம்.

பதினொன்றையும் வரிசையாக வைத்து, உண்மையாகவே முடிக்க ஆசை உள்ளவற்றை மட்டும் எடுங்கள். மற்றவற்றைப் பிரித்துத் துணியை அலமாரிக்குத் திருப்பி அனுப்புங்கள். மூன்று வருடத்துக்கு முன் பிடித்த நிறம் இப்போது பிடிக்காவிட்டால் அது குற்றமா என்ன?

கேள்வி: முடித்த குயில்டுகளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தேன். மடிப்பில் மஞ்சள் கோடு விழுந்துவிட்டது.

பதில்: உறைக்குள் ஈரம் மாட்டிக்கொள்கிறது. பருத்தித் தலையணை உறைக்குள் போட்டு வையுங்கள், காற்றுப் போகும். வருடத்துக்கு இரண்டு மூன்று முறை எடுத்து உதறி, போன முறை இரண்டாக மடித்திருந்தால் இந்த முறை மூன்றாக மடியுங்கள், ஒரே இடத்தில் மடிப்பு நிலைக்காது. மரத்தட்டில் வைப்பதாக இருந்தால் அடியில் துவைத்த வெள்ளைத் துணி ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள், மரத்தின் கறை ஏறாமல் இருக்கும்.

கேள்வி: அறையை ஒழுங்காக்கிவிட்டேன், நிஜமாகவே. ஆனால் தினமும் எங்கிருந்தோ பஞ்சுத் தூசி வருகிறது. மெஷினை ஊதிச் சுத்தம் செய்தால் போதுமா?

பதில்: முதலில் கை கொடுங்கள். தூசி துணியிலிருந்தும், குயில்டுக்குள் வைக்கிற பஞ்சு விரிப்பிலிருந்தும்தான் வருகிறது, தைக்கிற வரை வந்துகொண்டேதான் இருக்கும். ஊதாதீர்கள், வாயாலும் வேண்டாம், அழுத்தக் காற்று டப்பாவாலும் வேண்டாம், தூசி இன்னும் உள்ளே போகும், வாயால் ஊதினால் ஈரமும் சேர்ந்து போகும். மின்சாரத்தைத் துண்டித்து, ஊசியையும் ஊசித்தட்டையும் கழற்றி, பாபின் இருக்கும் குழியைச் சின்னப் பிரஷால் வழித்தெடுங்கள். ஒவ்வொரு பெரிய வேலைக்குப் பிறகும் இதைச் செய்யலாம். எண்ணெய் விடுவது மெஷினோடு வந்த கையேடு சொல்கிற இடத்தில் மட்டும், அதுவும் ஒரு சொட்டு, சில புது மெஷின்களில் நாம் எண்ணெய் விடவே கூடாது. தைக்காத நேரத்தில் மேலே ஒரு துணி உறை போடுங்கள், உங்கள் நாலரை அங்குலச் சதுரங்களைச் சேர்த்தே அந்த உறையைத் தைத்துவிடலாம். இன்று மாலை தட்டைக் கழற்றிப் பாருங்கள், உள்ளே எலிக்குஞ்சு அளவுக்குப் பஞ்சு உருண்டை இருந்தால் அடுத்த இதழுக்கு எழுதுங்கள், என்னுடையதை விடப் பெரிதா என்று பார்ப்போம்.