ஏஜெண்டை நம்பிப் பணம் கட்டாதீர்கள்

கேள்வி: கிள்ளானில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். தமிழ்நாட்டுப் பையன்கள் ஆறு பேர் வேலை செய்கிறார்கள். யாருக்கும் வேலை பெர்மிட் இல்லை. தலைக்கு 6,000 ரிங்கிட் கொடுத்தால் எடுத்துத் தருவதாக ஒரு ஏஜெண்ட் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். உங்கள் கடை பெயரில் கோட்டா, அதாவது இத்தனை வெளிநாட்டு ஆட்களை எடுக்கலாம் என்ற அரசு அனுமதி, இல்லாமல் எந்த ஏஜெண்டாலும் பெர்மிட் வாங்கித் தர முடியாது. பணத்தை வாங்கிக்கொண்டு பதிவு ஸ்லிப் ஒன்றை நீட்டுவார். அது பெர்மிட் அல்ல. இல்லாவிட்டால் ஏதோ ஒரு துப்புரவுக் கம்பெனி பெயரில் பெர்மிட் அடித்துத் தருவார். அதில் உங்கள் கடையில் வேலை செய்வதும் குற்றமே. பெர்மிட் இல்லாதவர்களை முறைப்படுத்த 2016இல் தொடங்கிய ரீஹயரிங் திட்டத்தில் இப்படி ஏமாந்தவர்கள் ஏராளம்.

ஆறு பேர் என்கிறீர்கள், எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. குடிநுழைவுச் சட்டப்படி, பெர்மிட் இல்லாத ஒருவரை வைத்தாலே 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதம், ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ஐந்து பேரைத் தாண்டினால் ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை, பிரம்படியும் உண்டு. முறையாக ஆள் எடுத்தால் அரசுக்குக் கட்டும் லெவி ஒருவருக்கு ஆண்டுக்கு 1,850 ரிங்கிட். ஐந்தாண்டுக்குக் கட்டினாலும் 9,250தான். இதில் என்ன மிச்சம் பிடித்தீர்கள்?

அடுத்து, “யு.என். கார்டு (ஐ.நா. அகதிகள் அமைப்பு தரும் அட்டை) உள்ளவரை வைக்கலாமே” என்பார்கள். அந்த அட்டை அவர் அகதி என்பதைத்தான் சொல்கிறது. மலேசியா 1951ஆம் ஆண்டு அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. அட்டை மட்டும் இருந்தால் வேலை செய்ய அனுமதி கிடையாது. கார்டில் படம் இருக்கிறது, நம்பர் இருக்கிறது என்று சமாதானம் சொல்லாதீர்கள்.

முறையாக ஆள் எடுப்பது சுலபம் என்று நானும் சொல்லமாட்டேன். 2023 மார்ச்சில் புதிய கோட்டா விண்ணப்பங்களையே நிறுத்தி வைத்தார்கள். கதவைச் சாத்திவிட்டு, ஜன்னல் வழியாக ஏன் போனாய் என்று கேட்டால் சிறு கடைக்காரர் என்ன செய்வார்? ஆனால் அடி வாங்குவது அந்தப் பையன்கள். எண்ணெய் கொட்டி முழங்கை வரை வெந்த ஒரு ரொட்டி மாஸ்டர், பற்பசை பூசிக்கொண்டு கடையின் பின்னால் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதி இல்லை. அரசு மருத்துவமனைக்குப் போனால் குடிநுழைவுத் துறைக்குத் தகவல் போய்விடும் என்று பயம்.

முதலில் வழக்கறிஞரைப் பாருங்கள். தாயகம் திரும்பும் திட்டம் நடப்பில் இருக்கிறதா என்று குடிநுழைவுத் துறையில் கேளுங்கள். பாக்கிச் சம்பளத்தை, குறைந்தபட்சச் சம்பளமான மாதம் 1,700 ரிங்கிட் கணக்கில் தீருங்கள். அப்புறம், கல்லாவில் பாஸ்போர்ட் எதையாவது பூட்டி வைத்திருந்தால் இன்றே அவரவர் கையில் கொடுங்கள். அடுத்தவர் பாஸ்போர்ட்டை வைத்திருப்பது தனிக் குற்றம்.