ஊட்டி, கொடைக்கானல், மூணாறு, கோவை, நெடும்பாசேரி: இந்தப் பக்கத்து கோல்ஃப் மைதானங்களில் எது முதலிடம்?

கேள்வி இதுதான்: கேரள எல்லையை ஒட்டி, மலையிலும் கீழேயும் இருக்கும் கோல்ஃப் மைதானங்களை வரிசைப்படுத்தினால் எதற்கு முதலிடம், மூணாறு மாதிரி ஒன்பது ஹோல் (பந்தை விழவைக்கும் குழி) மட்டும் உள்ள மைதானத்தை அந்தப் பட்டியலில் சேர்க்கலாமா?

என் வரிசையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊட்டி, கொடைக்கானல், மூணாறு, கோவை, நெடும்பாசேரி. ஆமாம், மூணாறு மூன்றாவது. கோவையில் விளையாடும் நண்பர்கள் இதைப் படித்தால் சண்டைக்கு வருவார்கள், வரட்டும், காரணம் சொல்லிவிட்டே போகிறேன்.

நான் மூணாறுக்காரன். அப்பா அம்மா இருவருமே தேயிலைத் தோட்ட வேலை, லயத்து வீட்டில் வளர்ந்தவன். எங்கள் சித்தப்பா மைதானத்தில் துரைமார்களுக்கு மட்டைப் பை தூக்கி, பிறகு அங்கேயே புல் பராமரிப்பு வேலைக்குப் போனவர். விளையாட்டை அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். அதனால் எனக்குச் சொந்த ஊர்ப் பாசம் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் பாசத்துக்காக மட்டும் மூன்றாவது இடம் கொடுக்கவில்லை. பாசம் மட்டும் என்றால் முதலிடமே கொடுத்திருப்பேன்.

இணையத்தில் வருகிற பட்டியல்கள் பெரும்பாலும் எதைப் பார்த்து மார்க் போடுகின்றன என்று கவனியுங்கள். புல் எவ்வளவு பச்சை, கிளப் கட்டடம் எவ்வளவு அழகு, தங்கும் அறை எப்படி, படம் எடுத்தால் எப்படி வருகிறது. மூணாறு ஹை ரேஞ்ச் கிளப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் பாதிப் பேர் உள்ளே சுவரில் மாட்டியிருக்கும் பழைய தோட்டத் துரைகளின் தொப்பிகளைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். அது நல்ல சரித்திரம்தான், போனால் பாருங்கள். ஆனால் தொப்பிக்கும் மைதானத்துக்கும் என்ன சம்பந்தம்? கிளப்புக்கு மார்க் போடுவது வேறு, மைதானத்துக்கு மார்க் போடுவது வேறு.

பச்சைப் புல் மோகம் தொலைக்காட்சி கொண்டுவந்தது. வருடா வருடம் ஏப்ரலில் அமெரிக்காவின் அகஸ்டா மைதானத்தைக் காட்டுகிறார்கள், கம்பளம் விரித்த மாதிரி இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டு உலகம் முழுக்க எல்லா கிளப்பும் அதே பச்சையைக் கொண்டுவரப் பார்க்கின்றன. அதற்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உரம், எவ்வளவு மருந்து என்று யாரும் கேட்பதில்லை. கோடையில் கொஞ்சம் பழுத்துப் போன புல்லில் பந்து நன்றாக உருண்டு ஓடும், தரையின் மேடு பள்ளம் ஆட்டத்துக்குள் வரும். அதுதான் எனக்கு நல்ல மைதானம். அந்தந்த ஊரின் தரையும் காற்றும் மழையும் ஆட்டத்துக்குள் எவ்வளவு வருகிறது என்பதுதான் என் அளவுகோல்.

'அதெல்லாம் உன் ரசனை, ரேட்டிங் என்று ஒன்று இருக்கிறதே' என்பார்கள். இருக்கிறது. கோர்ஸ் ரேட்டிங், ஸ்லோப் ரேட்டிங் என்று மைதானத்தின் கஷ்டத்தை அளக்கும் இரண்டு எண்கள். ஸ்லோப் 55-இலிருந்து 155 வரை போகும், 113-ஐ நடுத்தரமாக வைத்திருக்கிறார்கள். நன்றாக விளையாடுகிறவரை விட சுமாராக விளையாடுகிறவருக்கு மைதானம் எவ்வளவு அதிகமாகத் தொல்லை கொடுக்கும் என்பதைச் சொல்லும் எண் அது. ஹேண்டிகேப் (ஆட்டக்காரரின் திறமைக்கேற்பக் கொடுக்கும் சலுகை அடிகள்) கணக்குப் போட அது வேண்டும். ஆனால் கஷ்டம் வேறு, தரம் வேறு. அமெரிக்காவில் ஒரு கோல்ஃப் பத்திரிகை 1966-இல் முதன்முதலில் பட்டியல் போட்டபோது 'மிகக் கடினமான 200 மைதானங்கள்' என்றுதான் போட்டது, பிறகுதான் 'சிறந்த' என்று மாறியது. கடினம்தான் சிறப்பு என்ற எண்ணம் அப்போதிலிருந்தே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன்.

சரி, ஊட்டி ஏன் முதலிடம். வென்லாக் டவுன்ஸ் புல்வெளி மேல் அமைந்த 18 ஹோல். அங்கே நின்று பார்த்தால் மைதானத்தை யாரோ வெட்டிச் செதுக்கினார்கள் என்று தோன்றாது. மலை எப்படி அலை அலையாகப் போகிறதோ அதன் மேலேயே ஃபேர்வே (குழியை நோக்கிப் போகும் வெட்டிய புல்வெளி) போகிறது. வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து நட்ட 'gorse' என்ற முள்புதர் ஓரங்களில் இருக்கிறது, மஞ்சள் பூ பூக்கும், பந்து உள்ளே போனால் அவ்வளவுதான், கையை விட முடியாது. அந்தச் செடி நீலகிரிக்குக் கேடு என்பது உண்மை, சூழலுக்காக அதை எடுத்தால் நான் வருத்தப்பட மாட்டேன். புதர் இல்லாவிட்டாலும் அந்தத் தரை அப்படியேதான் இருக்கும், முதலிடம் தரைக்குத்தான்.

உயரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊட்டி 7,000 அடிக்கு மேல். அங்கே காற்றின் அடர்த்தி குறைவு, பந்து அதிக தூரம் போகும். 1,000 அடி உயரத்துக்கு ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் என்று தோராயமாகக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். கோவையில் 150 கெஜம் போகிற ஐயன் (இரும்புத் தலை மட்டை) அடி ஊட்டியில் 160-ஐத் தொடும். ஆனால் மறுபக்கம், விடியற்காலைக் குளிரில் பந்து இறுகி விடும், காற்றும் கனத்து விடும், அந்த லாபத்தில் பாதி போய்விடும். வெயில் ஏற ஏற அதே ஐயன் வேறு தூரம் போகும். ஒரே மைதானத்தில் காலை ஏழு மணிக்கு ஓர் ஆட்டம், பதினோரு மணிக்கு வேறோர் ஆட்டம். இதைப் புரிந்துகொண்டு விளையாடுவதுதான் மலை மைதானத்தின் ருசி, கீழே இருப்பவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க முடிவதில்லை.

கொடைக்கானல் 1895-இல் தொடங்கிய கிளப். அதுவும் 18 ஹோல். ஊட்டி திறந்த வெளி என்றால் இது மரங்களுக்கு நடுவே. மூடுபனி வந்து எதிரில் கொடி தெரியாமல் நிற்கிற நேரம் உண்டு, காட்டெருமை வந்து ஃபேர்வேயில் மேய்வதும் உண்டு. காட்டெருமை நின்றால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும், கிட்டே போய்ப் படம் எடுக்கக் கூடாது, இதைத் தயவுசெய்து பெரிதாக எடுத்துக்கொள்ளுங்கள். ஊட்டிக்கு அடுத்து வைத்ததற்குக் காரணம் ஒன்றுதான்: ஊட்டியில் ஓர் அடியை மூன்று விதமாக அடிக்க இடம் இருக்கிறது, கொடையில் மரங்கள் பெரும்பாலும் ஒரே வழியைத்தான் விடுகின்றன.

இப்போது மூணாறு. 'அண்ணே, ஒன்பது ஹோலை ரெண்டு தடவை சுத்துறது ஒரு மைதானமா' என்று கோவைத் தம்பி ஒருவர் என்னிடம் கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். 18 என்பது வேதவாக்கு இல்லை. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸில் முன்பு ஒரு சுற்றுக்கு 22 ஹோல் இருந்தது, 1764-இல்தான் 18 ஆக்கினார்கள். முதல் பிரிட்டிஷ் ஓப்பன் போட்டி 1860-இல் பிரெஸ்ட்விக்கில் நடந்தது, அந்த மைதானத்தில் 12 ஹோல்தான், அதையே மூன்று முறை சுற்றினார்கள். இங்கிலாந்தில் ராயல் வோர்லிங்டன் என்று ஒன்பது ஹோல் மைதானம் இருக்கிறது, பெரிய பெரிய 18 ஹோல்களுக்குச் சமமாக அதை மதிக்கிறார்கள். அங்கெல்லாம் செல்லுபடியாகிற நியாயம் மூணாறுக்கு மட்டும் ஏன் செல்லாது?

மூணாறில் சமதளத்தில் காலை ஊன்றி அடிக்கிற வாய்ப்பு கொஞ்சம்தான். சுற்றிலும் தேயிலைச் சரிவு, மைதானமும் அந்தச் சரிவின் பிள்ளைதான். பந்து காலை விட மேலே நின்றால், வலது கைக்காரர் அடிக்கிற பந்து இடதுபக்கம் இழுக்கும். காலை விடத் தாழ்ந்து நின்றால் வலதுபக்கம் ஓடும். ஏற்றத்தில் அடித்தால் உயரே எழும்பித் தூரம் குறையும், இறக்கத்தில் தாழப் பறந்து விழுந்த பிறகும் ஓடும். பயிற்சி மைதானத்தில் ரப்பர் பாய் மேல் நின்று ஆயிரம் பந்து அடித்தாலும் இது வராது. இங்கே பத்து வயதுப் பையனுக்கு இது தெரியும், ஏனென்றால் அவன் வேறு தரையைப் பார்த்ததே இல்லை. இரண்டாவது சுற்றில் அதே ஹோலை வேறு இடத்திலிருந்து தொடங்கினால் கோணம் மாறிவிடுகிறது, பனி விலகியிருக்கும், புல் காய்ந்திருக்கும், பந்து ஓடுவது மாறியிருக்கும்.

டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும். விடிந்ததும் புல்லெல்லாம் வெள்ளையாக இருக்கும். அந்த நேரத்தில் கிரீன் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) மேல் நடக்கவே கூடாது, உறைந்த புல் மிதிபட்டால் நொறுங்கி, பிறகு கால் தடம் கருகிப்போய் நாள்கணக்கில் தெரியும். வெயில் வந்து உருகும் வரை காத்திருக்க வேண்டும். சுற்றுலா வந்து ஆறு மணிக்கே விளையாட விட வேண்டும் என்று சண்டை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சித்தப்பா பொறுமையாக 'சார், அரை மணி நேரம் பொறுங்க, புல்லு முழிக்கட்டும்' என்பார். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் ஆட்டத்தை மறந்துவிட வேண்டியதுதான். இது குறைதான், அதனால்தான் மூன்றாவது இடம்.

பை தூக்குகிறவர்களைப் பற்றிப் பட்டியல் போடுகிற யாரும் பேசுவதில்லை, எனக்கு இதில் உண்மையிலேயே கோபம் உண்டு. மைதானத்தை முழுசாக அறிந்தவர்கள் அவர்கள்தான். கிரீன் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கண் ஒன்று சொல்லும், மலை வேறு சொல்லும், பெரும்பாலும் பள்ளத்தாக்கு இருக்கிற பக்கமாகத்தான் பந்து போகும். 'தம்பி, ரெண்டு விரக்கடை வலதுக்கு வச்சு தட்டு' என்று சித்தப்பா சொன்னால் நான் மறுபேச்சு பேச மாட்டேன். இந்தியன் ஓப்பன் போட்டியை முதன்முதலில் வென்ற இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அலி ஷேர், 1991-இல் வென்றார், டெல்லி கோல்ஃப் கிளப்பில் பை தூக்கிய பையன் அவர். 2009-இல் அதே பட்டத்தை வென்ற சி. முனியப்பா பெங்களூரில் பை தூக்கியவர். ஆக, உள்ளூர்ப் பிள்ளைகள் கையில் ஒரு பழைய ஐயனைக் கொடுத்து, உறுப்பினர்கள் இல்லாத நேரத்தில் விளையாட விடுகிற மைதானத்துக்கு என் பட்டியலில் தனி மார்க் உண்டு. எவ்வளவு பெரிய மைதானமாக இருந்தாலும், அது இல்லையென்றால் மார்க் குறையும்.

கோவை மைதானம் செட்டிபாளையத்தில். 18 ஹோல், நல்ல நீளம். இதற்கு நான் நான்காம் இடம் கொடுத்தாலும் வருடத்தில் இரண்டு மாதம் இதுதான் இரண்டாம் இடம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வருகிற காற்று ஆனி, ஆடியில் அங்கே அடிக்கிற அடி இருக்கிறதே, ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சும்மா சொல்லவில்லை. காற்றுக்கு எதிரே பந்தைத் தாழ்வாக அடிக்கத் தெரியாதவர் அன்று விளையாடாமல் இருப்பதே நல்லது. இந்தப் பக்கத்தில் காற்றை வைத்து விளையாடக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. மற்ற மாதங்களில் அது நல்ல, ஒழுங்கான மைதானம். அவ்வளவுதான்.

நெடும்பாசேரி, கொச்சி விமான நிலையத்தை ஒட்டியது. தரை தட்டை, அதைக் குளங்களை வைத்துச் சரிக்கட்டியிருக்கிறார்கள். குளத்தின் மேலேயே மிதக்கும் சோலார் பலகைகளை 2021-இல் போட்டிருக்கிறார்கள், ஒரே குளம் ஆட்டத்துக்கும் மின்சாரத்துக்கும் உதவுகிறது. மற்ற கிளப்புகள் இதைப் போய்ப் பார்க்க வேண்டும். ஆட்டமாகப் பார்த்தால் அந்தக் குளங்களைத் தாண்டி எனக்கு எதுவும் மனதில் நிற்கவில்லை.

போல்காட்டி, 1744-இல் டச்சுக்காரர்கள் கட்டிய மாளிகையைச் சுற்றி, காயலுக்கு நடுவே ஒன்பது ஹோல். அழகுக்காகப் போகலாம். திருவனந்தபுரம் மைதானம் பழமையானது, ஒன்பது ஹோல், நகரத்துக்கு நடுவில். அதன் நிலம் யாருக்கு என்று அரசுக்கும் கிளப்புக்கும் நீதிமன்றம் வரை போனது தனிக் கதை. இரண்டிலும் ஒன்பது ஹோல்தான், ஆனாலும் மூணாறுக்குப் பக்கத்தில் வைக்க மாட்டேன், தரை கற்றுக்கொடுப்பது அங்கே குறைவு. வெலிங்டன் ராணுவ முகாம் பக்கத்து மைதானத்தில் நான் சரியாக விளையாடியதில்லை, அதனால் வரிசையில் சேர்க்கவில்லை.

பெங்களூர் மைதானங்களோடு ஒப்பிடச் சொல்லிக் கருத்தில் கேட்காதீர்கள். அவை போட்டி நடத்தக் கட்டியவை, அந்த வேலையை நன்றாகவே செய்கின்றன. அதற்கு வேறு பட்டியல் வேண்டும்.

ஒரே ஒரு பயணம்தான் முடியும் என்றால் பிப்ரவரியில் ஊட்டி போங்கள், மழை இருக்காது, புல் கொஞ்சம் காய்ந்து பந்து ஓடும். போவதற்கு முன்னால் வெளியாட்களை எந்தெந்த நாளில் விடுகிறார்கள் என்று கிளப்புக்குப் போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். மைதானத்துக்குள் ஓட்டும் வண்டி வேண்டாம், நடந்தே விளையாடுங்கள், உள்ளூர்க்காரர் ஒருவரைப் பை தூக்க வைத்துக்கொண்டு அவர் சொல்கிற ஐயனை எடுங்கள், பேசிய கூலிக்கு மேலே கொஞ்சம் சேர்த்துக் கொடுங்கள். மூணாறு பக்கம் வருவதாக இருந்தால் இங்கேயே கருத்தில் சொல்லுங்கள், எந்த மாதம், யாரைக் கேட்க வேண்டும் என்று நான் சொல்கிறேன்.