ஹெரால்டின் முன்சக்கரம்: கிரீஸ் வேண்டாம், ஆயில் விடுங்கள்

கேள்வி: அப்பா வைத்திருந்த 1969 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு இப்போது என்னிடம் இருக்கிறது. ராயபுரத்தில் தெருவோரம்தான் நிறுத்துகிறேன். ஸ்டீயரிங் கனக்கிறது. பள்ளத்தில் இறங்கினால் இடது முன்சக்கரத்தில் ‘டொக் டொக்’ என்று சத்தம் கேட்கிறது; அந்த டயர் உட்பக்கமாகத் தேய்கிறது. எல்லா இடத்திலும் கிரீஸ் அடித்துப் புது ஷாக் போட்டால் போதும் என்கிறார் மெக்கானிக். போதுமா, முன்பக்கம் முழுவதையும் பிரிக்க வேண்டுமா?

பதில்: பிரிக்கத்தான் வேண்டும். ஷாக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் பார்க்க வேண்டியது முன்சக்கரத் தண்டின் அடியில் இருக்கும் வெண்கலப் பாகமான டிரனியன்.

வண்டலூர் ஆலையில் 1961 முதல் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பிரிட்டனின் டிரையம்ப் ஹெரால்டுக்கு உடன்பிறப்பு. முன்சக்கரத்தைத் தாங்கி நிமிர்ந்து நிற்கும் எஃகுத் தண்டுக்கு வெர்ட்டிகல் லிங்க் என்று பெயர். அதன் மேல்முனையில் பால் ஜாயின்ட் என்னும் உருண்டை மூட்டு இருக்கிறது. கீழ்முனையில் மரை வெட்டியிருக்கும். அது வெண்கல டிரனியனுக்குள் திருகி நிற்கிறது. நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அந்த மரை திருகிக்கொண்டு மேலும் கீழும் நகர்கிறது. வண்டியின் எடையும் அதன் வழியாகத்தான் போகிறது. இதற்குத் தயாரிப்பாளரின் கையேடு சொல்வது 90 எண் ஹைபாய்டு கியர் ஆயில். அம்பாசடரிலும் பத்மினியிலும் கிரீஸ் அடித்துப் பழகிய கை இங்கேயும் அதையே செய்யும். உங்கள் மெக்கானிக்கைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கிரீஸ் மரையின் இடுக்குகளுக்குள் முழுதாக இறங்குவதில்லை. நாளடைவில் தூசியோடு சேர்ந்து மெழுகாக இறுகிவிடுகிறது. மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் வண்டி நின்றால் ஈரம் உள்ளே தங்கி, எஃகு துருப்பிடிக்கிறது. கடற்காற்றைப் பற்றி ராயபுரத்துக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தண்டையார்ப்பேட்டையில் ஒரு சந்துமுனையில் இப்படி உடைந்த ஹெரால்டு ஒன்றைப் பார்த்தேன். நடைவேகத்தில் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பியபோது முன்சக்கரம் மடங்கிப் படுத்துவிட்டது. உடைந்த முகத்தைத் துடைத்துப் பார்த்தால், முக்கால்வாசி பழுப்பேறிய பழைய விரிசல். பிறை போல ஓர் ஓரம் மட்டும் புதிதாக மின்னியது. அந்தப் பிறையளவு இரும்பின் மேல்தான் அதன் சொந்தக்காரர் பல மாதம் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்.

உங்கள் வண்டியை இப்படிச் சோதியுங்கள். ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால், ஒருவரை உள்ளே உட்காரவைத்து பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் டிரனியன், அதன் புஷ்கள் (மூட்டின் தேய்வைத் தாங்கும் உறைகள்) அல்லது பால் ஜாயின்ட். இடமும் வலமுமாக ஆட்டும்போது தெரிவது பெரும்பாலும் டை ராடு முனை, அதாவது ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டின் மூட்டு. பழுதைச் சரிசெய்யும்வரை வண்டியைத் தெருவைத் தாண்டி எடுக்காதீர்கள்.

பிரிக்கும் வேலை இந்த வண்டியில் சுகமானது. பானெட் முழுவதும் முன்னோக்கிச் சாய்ந்துவிடும். டயர் மேல் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம். ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தொகுதியாக, மேலே மூன்று நட்டுகளையும் அடியில் ஒரு போல்ட்டையும் கழற்றினால் வந்துவிடும். நடுவில் இருக்கும் நட்டை மட்டும் ஸ்பிரிங் கம்ப்ரெஸர் இல்லாமல் தொடக் கூடாது. அழுந்தி நிற்கும் ஸ்பிரிங் ஆளைக் கொல்லும். கீழ் ஆர்ம் சேஸிஸோடு சேரும் இடத்தில் மெல்லிய ஷிம் தகடுகள் இருக்கும். எந்த இடத்தில் எத்தனை என்று எழுதி, தனித்தனியாகக் கட்டி வையுங்கள். சக்கரத்தின் சாய்வு அவற்றால்தான் அமைகிறது.

வெர்ட்டிகல் லிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, மரை தொடங்கும் இடத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். குழி விழுந்திருந்தால் தூக்கிப்போடுங்கள். சுத்தமாகத் தெரிந்தாலும் டை பெனட்ரன்ட் சோதனை செய்துவிடுவது நல்லது. எண்ணூர், மணலிப் பக்கம் தொழிற்சாலைகளுக்கு வெல்டிங் சோதிப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். சிவப்புச் சாயம் தடவித் துடைத்து, வெள்ளைப் பூச்சு அடித்தால், விரிசல் இருக்கும் இடத்தில் சிவப்புக் கோடு கசிந்து வரும். புதுப்பேட்டையில் கிடைக்கும் பழைய லிங்குக்கும் இதே சோதனைதான். பழைய வண்ணாரப்பேட்டை லேத் பட்டறையில் நைலான் புஷ்ஷும் எஃகு ஸ்லீவும் அழகாகக் கடைந்து தருவார்கள். அதைத் தாராளமாகச் செய்யலாம். தேய்ந்த லிங்கில் வெல்டிங் வைத்து மரை வெட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். புதிய டிரனியனும் லிங்கும் இன்றும் பிரிட்டனில் தயாராகின்றன. இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். இடது, வலது மரைகள் எதிரெதிராக இருப்பதால் பக்கம் பார்த்து வாங்குங்கள்.

மாட்டும்போது டிரனியனை அடிவரை திருகி, பிறகு சற்றே பின்வாங்கச் செய்யுங்கள். இரு பக்கமும் முழுதாகத் திருப்பினாலும் மரை அடியில் முட்டக் கூடாது. ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும்போது இறுக்கிவிடுவதுதான் பட்டறைகளில் வழக்கமாக நடக்கும் தவறு. அப்படி இறுக்கினால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரமே கிழிந்துவிடும். வண்டியை இறக்கி, முன்சீட்டில் இரண்டு பேரை உட்காரவைத்து, கடைசி இறுக்கத்தை அப்போது கொடுங்கள்.

டயர் தேய்வதற்கு இறங்கிப்போன ஸ்பிரிங்கும் காரணமாக இருக்கலாம். இரு பக்கத்தின் உயரத்தையும் அளந்து பாருங்கள். எல்லாம் மாட்டிய பிறகே அலைன்மென்ட். கடையின் கணினியில் உங்கள் வண்டி இருக்காது, கையேட்டைக் கொண்டுபோங்கள்.

ஆயில் விட, டிரனியனில் உள்ள பிளக்கைக் கழற்றி நிப்பிள் மாட்டி, ஆயில் நிரப்பிய கிரீஸ் கன்னால் மேல்பக்கம் கசியும்வரை அழுத்துங்கள். ஐப்பசி மழைக்கு முன் ஒரு முறை, மழை ஓய்ந்த பின் ஒரு முறை. வண்டி தண்ணீரில் நின்றிருந்தால் அந்த வாரமே. கன்னில் ‘ஆயில் மட்டும்’ என்று பெயின்ட்டில் எழுதி, உங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.