வாசகர் கேள்வி – பதில்: நாஜி ஜெர்மனியிலிருந்து வெளியேறிய யூதர்கள்

நாஜி ஆட்சியில் அகதிகளான யூதர்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பியிருந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: 1933 ஜனவரியிலேயே ஹிட்லர் ஆட்சிக்கு வந்துவிட்டார். யூதர்கள் மீதான வெறுப்பை அவர் ஒருநாளும் மறைத்ததில்லை. அப்படியிருந்தும் போர் தொடங்கும் முன்பே அவர்கள் ஏன் ஜெர்மனியை விட்டு வெளியேறவில்லை?

பதில்: பலரும் கேட்கும் கேள்வி இது. தப்பிக்க வழியிருந்தும் அவர்கள் அசட்டையாக இருந்துவிட்டார்கள் என்ற எண்ணத்தை இக்கேள்வி நம்மை அறியாமலே விதைத்துவிடுகிறது என்பதால், சற்று விரிவாகவே சொல்கிறேன். ஹிட்லர் பதவியேற்றபோது ஜெர்மனியில் ஏறத்தாழ 5,23,000 யூதர்கள் வாழ்ந்தார்கள். அந்த ஓராண்டில் மட்டும் சுமார் 37,000 பேர் நாட்டை விட்டுப் போனார்கள். 1939 செப்டம்பரில் போர் மூண்டபோது ஜெர்மனியிலிருந்து ஏறத்தாழ 2,82,000 பேரும், 1938 மார்ச்சில் ஜெர்மனியுடன் இணைக்கப்பட்ட ஆஸ்திரியாவிலிருந்து சுமார் 1,17,000 பேரும் வெளியேறியிருந்தார்கள். பாதிக்கு மேற்பட்டோர் போய்விட்டார்கள். ஆகவே எஞ்சியவர்களை யார் உள்ளே விடவில்லை என்று கேட்பதுதான் நியாயம்.

தொடக்கத்தில் தயங்கியவர்களும் இருந்தார்கள், மறுக்கவில்லை. முதல் உலகப் போரில் ஜெர்மனிக்காகச் சுமார் ஒரு லட்சம் யூதர்கள் போரிட்டிருந்தார்கள். 1933 ஏப்ரலில் யூதர்களை அரசுப் பணியிலிருந்து நீக்கச் சட்டம் வந்தபோது, குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க்கின் வற்புறுத்தலால் போர்முனையில் இருந்தவர்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. நாட்டுக்காக ரத்தம் சிந்தியவர்களை இந்த அரசு கைவிடாது என்று அவர்களில் பலர் நம்பியதில் என்ன தவறு? இரண்டே ஆண்டுகளில், 1935இல், அந்த விலக்கும் பறிக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் நியூரம்பர்க் சட்டங்கள் அவர்களுடைய குடியுரிமையையே இல்லாமல் செய்தன.

1938 நவம்பர் 9ஆம் தேதி இரவுக்குப் பிறகு தயக்கம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அன்று நாடெங்கும் யூதர்களின் வழிபாட்டுக் கூடங்கள் எரிக்கப்பட்டன, கடைகள் அடித்து நொறுக்கப்பட்டன. ஏறத்தாழ 30,000 ஆண்கள் கைது செய்யப்பட்டு டாக்காவ், பூகன்வால்ட், சாக்சன்ஹவுசன் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். வெளிநாடு செல்வதற்கான ஆதாரத்தைக் காட்டினால் விடுதலை என்ற நிலை ஏற்பட்டதால், அவர்களுடைய மனைவிமார் தூதரக வாசல்களில் கால்கடுக்க நின்றார்கள். எந்த நாடாக இருந்தாலும் சரி, ஒரு விசா கிடைத்தால் கணவன் உயிரோடு வீடு திரும்புவான் என்பதே அப்போது அவர்களுக்கிருந்த ஒரே கணக்கு.

அந்த விசாதான் கிடைக்கவில்லை. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் பிறந்தவர்களுக்கு அமெரிக்கா ஆண்டொன்றுக்கு வைத்திருந்த ஒதுக்கீடு 27,370 மட்டுமே. 1939இன் நடுப்பகுதியில் அந்த வரிசையில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் காத்திருந்தார்கள். வரிசை எண் வந்தாலும் போதாது. இவர் அரசுக்குச் சுமையாக மாட்டார் என்று அமெரிக்காவில் வாழும் ஒருவர் தம் வருமானக் கணக்கைக் காட்டி உறுதிப் பத்திரம் எழுதித் தர வேண்டும். உள்ளூர்க் காவல்துறையின் நன்னடத்தைச் சான்று வேண்டும். மருத்துவப் பரிசோதனையில் தேற வேண்டும். கப்பல் சீட்டு கையில் இருக்க வேண்டும். வழியில் வேறொரு நாட்டைக் கடக்க நேர்ந்தால் அதற்கும் அனுமதி வேண்டும். இவை ஒவ்வொன்றுக்கும் காலக்கெடு உண்டு. ஒன்று கைக்கு வரும்போது இன்னொன்று காலாவதியாகிவிடும். மீண்டும் முதலிலிருந்து அலைய வேண்டும். இப்படி நடையாய் நடந்தே காலம் கடந்து, 1941 அக்டோபரில் ஜெர்மனி யூதர்களின் வெளியேற்றத்தை முற்றாகத் தடை செய்தபோது உள்ளே சிக்கிக்கொண்டவர்கள் மிகப் பலர்.

உலக நாடுகள் இதை அறியாமல் இல்லை. 1938 ஜூலையில் பிரான்சின் எவியான் நகரில் 32 நாடுகளின் பிரதிநிதிகள் இதற்காகவே கூடி ஒன்பது நாட்கள் பேசினார்கள். அனுதாபம் தெரிவித்துவிட்டு ஏறக்குறைய எல்லோரும் கையை விரித்தார்கள். எங்கள் நாட்டில் இனப் பிரச்சினை கிடையாது, அதை இறக்குமதி செய்ய நாங்கள் விரும்பவில்லை என்ற கருத்தை ஆஸ்திரேலியப் பிரதிநிதி சபையிலேயே வெளிப்படையாகச் சொன்னார். பெரிய எண்ணிக்கையில் ஏற்பதாக முன்வந்தது டொமினிக்கன் குடியரசு என்ற சிறிய நாடு ஒன்றுதான்.

கேள்வி: ஜெர்மனியிலிருந்த யூதர்களில் வசதியானவர்கள் பலர் இருந்தார்களே. பணம் இருந்தவர்களாவது எளிதில் தப்பியிருக்கலாம் அல்லவா?

பதில்: பணத்தைக் கையோடு கொண்டுபோக விட்டிருந்தால் தப்பியிருக்கலாம். நாட்டை விட்டுப் போகிறவர்களின் சொத்தில் கால் பங்கை எடுத்துக்கொள்ளும் வெளியேற்ற வரி ஒன்று ஜெர்மனியில் இருந்தது. பொருளாதார நெருக்கடியின்போது மூலதனம் வெளியே ஓடாமல் தடுப்பதற்காக ஹிட்லருக்கு முந்தைய அரசு 1931இல் கொண்டுவந்த வரி அது. நாஜிகள் அதன் வரம்பை 2,00,000 மார்க்கிலிருந்து 50,000 மார்க்காகக் குறைத்து, நடுத்தரக் குடும்பங்களையும் அதற்குள் இழுத்தார்கள். எஞ்சிய பணம் முடக்கப்பட்ட கணக்குக்குப் போகும். அதை வெளிநாட்டு நாணயமாக மாற்றும்போது ஏற்பட்ட இழப்பு ஆண்டுக்காண்டு கூடி, 1939 செப்டம்பரில் 96 சதவீதத்தை எட்டியது. அதாவது நூறு மார்க்குக்கு நான்கு மார்க் மதிப்புதான் கைக்கு வரும். பாரிஸில் ஜெர்மானியத் தூதரக அதிகாரி ஒருவரை யூத இளைஞர் ஒருவர் சுட்டுக் கொன்றதைக் காரணம் காட்டி, நவம்பர் தாக்குதலுக்குப் பின் யூதர்கள் மீதே 100 கோடி மார்க் தண்டம் விதித்ததும் இதில் சேரும். எல்லையைக் கடக்கும்போது பெரும்பாலோரிடம் ரொக்கமாக இருந்தது பத்து மார்க்.

வீட்டுச் சாமான்களையும் விட்டுவைக்கவில்லை. கொண்டுபோகும் ஒவ்வொரு பொருளையும், கைக்குட்டையும் கரண்டியும் உட்படப் பட்டியலிட்டு, 1933க்கு முன் வாங்கியது எது, பின் வாங்கியது எது என்று பிரித்துக் காட்ட வேண்டும். புதிதாக வாங்கியவற்றுக்கு, பல நேரங்களில் அவற்றின் விலைக்குச் சமமான தொகையை அரசு வங்கிக்குச் செலுத்த வேண்டும். பெட்டி கட்டும்போது சுங்க அதிகாரி வீட்டுக்கு வந்து, பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார். மகளின் திருமணத்துக்கென்று வாங்கி வைத்த மேசை விரிப்புக்கு இத்தனை மார்க் என்று ஒரு தாய் அவர் எதிரே கணக்குச் சொல்லி நிற்க வேண்டியிருந்தது.

இதில் என் மனம் ஆறாத இடம் ஒன்று உண்டு. ஜெர்மனி அவர்களை ஓட்டாண்டிகளாக்கி விரட்டியது. அண்டை நாடுகளோ, ஓட்டாண்டிகளுக்கு எங்களிடம் இடமில்லை என்றன. இரண்டு பக்கமும் தத்தம் சட்டத்தைச் சரியாகத்தான் கடைப்பிடித்தன.

கேள்வி: கியூபாவிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட 'செயின்ட் லூயிஸ்' கப்பலின் பயணிகள் அனைவரும் ஜெர்மனியில் கொல்லப்பட்டார்கள் என்பது உண்மையா?

பதில்: அனைவரும் கொல்லப்படவில்லை, அவர்கள் ஜெர்மனிக்குத் திரும்பவும் இல்லை. ஆனால் நடந்ததும் குறைவானதல்ல. 1939 மே 13ஆம் தேதி ஹாம்பர்க்கிலிருந்து 937 பயணிகளுடன் அக்கப்பல் புறப்பட்டது. ஏறக்குறைய எல்லோரும் யூத அகதிகள். பெரும்பாலோர் அமெரிக்க விசாவுக்குப் பதிவு செய்துவிட்டு, முறை வரும்வரை கியூபாவில் தங்கியிருக்க எண்ணியவர்கள். கியூபாவின் குடிவரவுத் துறைத் தலைவர் விற்ற இறங்கும் அனுமதிச் சீட்டுகளை அவர்கள் வைத்திருந்தார்கள். கப்பல் புறப்படுவதற்கு ஒரு வாரத்துக்கு முன்பே கியூப அதிபர் அந்தச் சீட்டுகளைச் செல்லாதவையாக்கிவிட்டார் என்பது ஹவானா துறைமுகத்துக்கு வரும்வரை பயணிகளில் பெரும்பாலோருக்குத் தெரியாது. வேறு செல்லுபடியாகும் ஆவணங்கள் வைத்திருந்த 28 பேரை மட்டும் இறங்கவிட்டார்கள். தற்கொலைக்கு முயன்ற ஒருவர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். கப்பல் மயாமியின் விளக்குகள் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் சென்றபோதும் அமெரிக்கா அனுமதிக்கவில்லை.

கேப்டன் குஸ்டாவ் ஷ்ரோடர் ஜெர்மானியர். பயணிகளை மரியாதையோடு நடத்தும்படி தம் ஊழியர்களுக்குக் கட்டளையிட்டிருந்தவர். அவர்களை ஜெர்மனியில் இறக்காமலிருக்க இயன்றவரை முயன்றார். யூத நிவாரண அமைப்பு ஒன்றின் பேச்சுவார்த்தையால் பிரிட்டன் 288 பேரையும், பிரான்ஸ் 224 பேரையும், பெல்ஜியம் 214 பேரையும், நெதர்லாந்து 181 பேரையும் ஏற்றுக்கொண்டன. அடுத்த ஆண்டே பிந்தைய மூன்று நாடுகளும் ஜெர்மனியின் பிடிக்குள் வந்துவிட்டன. அங்கே இறங்கியவர்களில் 254 பேர் நாஜி இனப்படுகொலையில் உயிரிழந்தார்கள். பிரிட்டனுக்குப் போனவர்கள் பெரும்பாலும் பிழைத்தார்கள். எந்த நாட்டின் பட்டியலில் பெயர் விழுந்தது என்பதுதான் வாழ்வையும் சாவையும் பிரித்தது.

கேள்வி: பெற்றோர் தங்கள் குழந்தைகளை மட்டும் தனியே ரயிலேற்றி அனுப்பியதாகப் படித்தேன். எப்படி மனம் வந்தது?

பதில்: பெற்றோருக்கு அனுமதி இல்லை, குழந்தைகளுக்கு மட்டும் உண்டு என்றால் வேறென்ன செய்வார்கள்? நவம்பர் தாக்குதலுக்குப் பின், 17 வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தற்காலிகமாக ஏற்க பிரிட்டன் இசைந்தது. அரசுக்குச் செலவு வைக்கக் கூடாது என்பது நிபந்தனை. பின்னாளில் ஒவ்வொரு குழந்தைக்கும் 50 பவுன் உத்தரவாதத் தொகையும் கேட்கப்பட்டது. முதல் குழு 1938 டிசம்பர் 2ஆம் தேதி ஹார்விச் துறைமுகத்தில் இறங்கியது. ஏறத்தாழ 10,000 குழந்தைகள் இவ்வாறு வந்து சேர்ந்தார்கள். கழுத்தில் எண் எழுதிய அட்டை, தாங்களே தூக்கக்கூடிய ஒரு சிறு பெட்டி, அவ்வளவுதான். விலையுயர்ந்த பொருள் எதுவும் இருக்கக் கூடாது. கூட்டம் அழுது ஆர்ப்பரிப்பதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக, பல ரயில் நிலையங்களில் பெற்றோர் நடைமேடை வரை வரவே அனுமதிக்கப்படவில்லை.

வளர்ப்பு வீடு முன்பே அமையாத குழந்தைகள் டோவர்கோர்ட் என்ற கடலோர விடுமுறை முகாமில் தங்கவைக்கப்பட்டார்கள். குளிர்காலத்துக்கென்று கட்டப்படாத குடில்கள் அவை. வார இறுதியில் குடும்பங்கள் வந்து பார்த்துத் தமக்குப் பிடித்த குழந்தையைத் தேர்ந்தெடுத்துச் செல்வார்கள். சின்னஞ்சிறு குழந்தைகளை உடனே அழைத்துப் போய்விட்டார்கள்; பதினைந்து, பதினாறு வயதுப் பையன்கள் வாரக்கணக்கில் காத்திருந்தார்கள்.

1939 செப்டம்பர் 1ஆம் தேதி பிராகிலிருந்து சுமார் 250 குழந்தைகளுடன் கிளம்பவிருந்த ரயில், அன்று போர் தொடங்கியதால் கிளம்பவேயில்லை. அமெரிக்காவில் 20,000 குழந்தைகளை ஒதுக்கீட்டுக்கு அப்பால் ஏற்கக் கொண்டுவரப்பட்ட மசோதா, அதே ஆண்டில் வாக்கெடுப்புக்கே வராமல் கைவிடப்பட்டது. பிரிட்டனுக்கு வந்த குழந்தைகளில் பெரும்பாலோர் பெற்றோரை மீண்டும் பார்க்கவில்லை.

கேள்வி: தஞ்சம் கிடைத்தபின் அவர்கள் நிம்மதியாக வாழ முடிந்ததா?

பதில்: உயிர் பிழைத்தது உண்மை, நிம்மதி எளிதில் வரவில்லை. பிரிட்டனுக்குச் சுமார் 20,000 பெண்கள் வீட்டு வேலைக்கான அனுமதியில் வந்தார்கள். சொந்த வீட்டில் வேலையாட்கள் வைத்திருந்தவர்களும், பட்டம் பெற்றவர்களும் அவர்களில் உண்டு. 1940 கோடையில் ஜெர்மானியப் படையெடுப்பு அச்சம் எழுந்தபோது, ஹிட்லரிடமிருந்து தப்பி வந்த யூதர்களையே 'எதிரி நாட்டவர்' என்று பிடித்து மேன் தீவு முகாம்களில் முள்வேலிக்குள் அடைத்தார்கள். 'டுனேரா' என்ற கப்பலில் ஏறத்தாழ 2,500 ஆண்கள் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். காவலர்கள் அவர்களை அடித்து, கைப்பொருட்களைப் பறித்துக் கடலில் எறிந்தார்கள். அக்காவலர்களின் தளபதி பின்னர் இராணுவ நீதிமன்ற விசாரணைக்கு உள்ளானார்.

விசா இல்லாமலே இறங்கக்கூடிய இடமாக இருந்தது ஷாங்காய். கடல்வழியே ஏறத்தாழ ஒரு மாதப் பயணம் செய்து சுமார் 17,000 பேர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். ஹோங்கியூ பகுதியின் நெரிசலான வீடுகளில், ஓர் அறையைத் துணித் திரையால் பிரித்து இரண்டு, மூன்று குடும்பங்கள் வாழ்ந்தன. 1943இல் ஜப்பானியப் படை அவர்களை அப்பகுதிக்குள்ளேயே முடக்கி, வெளியே போக அனுமதிச் சீட்டு வாங்க வைத்தது. அந்தத் துன்பத்திலும் அவர்கள் பள்ளி நடத்தினார்கள், நாடகம் போட்டார்கள், செய்தித்தாள் அச்சிட்டார்கள்.

கேள்வி: அதிகாரிகளில் மனசாட்சியுள்ளவர் ஒருவர்கூட இல்லையா?

பதில்: இருந்தார்கள். லித்துவேனியாவில் ஜப்பானியத் துணைத் தூதராக இருந்த சியூனே சுகிஹாராவைப் பலர் அறிவார்கள். 1940 கோடையில் அவர் எழுதிய விசாக்களின் பட்டியலில் 2,139 பெயர்கள் உள்ளன. வியன்னாவிலிருந்த சீனத் தலைமைத் துணைத் தூதர் ஹோ ஃபெங்ஷான் தம் மேலதிகாரியின் எதிர்ப்பை மீறி ஷாங்காய்க்கான விசாக்களை வழங்கினார். ஷாங்காயில் இறங்க அது தேவையில்லைதான். ஆனால் ஆஸ்திரியாவிலிருந்து வெளியேற அது ஓர் ஆதாரமாகப் பயன்பட்டது.

அவ்வளவாகப் பேசப்படாதவர் சுவிட்சர்லாந்தின் சங்க்ட் காலன் மாநிலக் காவல்துறைத் தலைவர் பவுல் குருனிங்கர். 1938 ஆகஸ்டில் சுவிஸ் எல்லை மூடப்பட்ட பிறகு வந்தவர்களின் தாள்களில் முந்தைய தேதியைக் குறித்து, அவர்களை உள்ளே விட்டார். 1939இல் பதவியை இழந்தார்; பிறகு நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது; ஓய்வூதியமும் போயிற்று. கிடைத்த வேலைகளைச் செய்து காலந்தள்ளி 1972இல் இறந்தார். அவர் மீதான தீர்ப்பை அதே ஊர் நீதிமன்றம் ரத்துசெய்தது 1995இல்.

கேள்வி: அக்காலத்து அகதி ஒருவரின் விவரங்களை இப்போது தேடிப் பார்க்க முடியுமா?

பதில்: முடியும். ஜெர்மனியின் பாட் அரோல்சன் நகரிலுள்ள அரோல்சன் ஆவணக் காப்பகத்தில் நாஜி ஆட்சியால் பாதிக்கப்பட்ட சுமார் 1.75 கோடி பேரைப் பற்றிய குறிப்புகள் உள்ளன. முகாம் பதிவேடுகள், போருக்குப் பின் இடம்பெயர்ந்தோரின் விண்ணப்பங்கள், உறவினரைத் தேடி வந்த கடிதங்கள் முதலியவை அவற்றில் அடங்கும். 2007 முதல் ஆய்வாளர்களுக்கும் பொதுமக்களுக்கும் திறந்துவிடப்பட்டுள்ள அந்த ஆவணங்களில் பெரும்பகுதியை இணையத்திலேயே கட்டணமின்றிப் பார்க்கலாம். பெயரின் எழுத்துக்கூட்டு ஆவணத்துக்கு ஆவணம் மாறும் என்பதால், பிறந்த தேதியையும் ஊரையும் சேர்த்துத் தேடுவது நல்லது.