மூன்றாம் வகுப்புக்குக் கணித உபகரணங்களை நாமே செய்ய நினைக்கிறேன். எதில் தொடங்கலாம்?

ஈர்க்குச்சியில் தொடங்குங்கள். ஒரு தென்னந்துடைப்பம், ஒரு பாக்கெட் ரப்பர் பேண்ட், கத்தரிக்கோல் போதும். விரல் நீளத்துக்கு வெட்டி, முனையைத் தரையில் தேய்த்து மழுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் கையில் ஏறும். பத்துப் பத்தாக எண்ணிக் கட்டுவதை மட்டும் நீங்கள் செய்யாதீர்கள். அதைப் பிள்ளைகள்தான் செய்யவேண்டும்.

நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் தெர்மாகோலில் இடமதிப்பு அட்டை செய்து, கலர் பேப்பர் ஒட்டிச் சுவரில் மாட்டினேன். ஒரு பிள்ளையும் அதைத் தொடவில்லை, கைக்கு எட்டாத உயரம். அந்த வருடம்தான் ஒரு சிறுமி 32-இல் 17 போனால் 25 என்று எழுதிவந்தாள். ஏழில் இரண்டு போனால் ஐந்து, மூன்றில் ஒன்று போனால் இரண்டு. மேலே கீழே பார்க்காமல் பெரியதில் சிறியதைக் கழித்திருந்தாள். "பக்கத்தில் கடன் வாங்கு" என்று நான் நூறு தடவை சொல்லியிருப்பேன். எதைக் கடன் வாங்குகிறோம் என்று அவள் கண்ணால் பார்த்ததே இல்லை.

மூன்று கட்டும் இரண்டு உதிரிக் குச்சியும் கொடுத்து, "இதுல பதினேழு குடு பாப்பா" என்றேன். ஒரு கட்டைக் கொடுத்தாள். இரண்டு உதிரியையும் கொடுத்தாள். "இன்னும் அஞ்சு வேணுமே?" மீதிக் கட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "டீச்சர், இதை அவுக்கலாமா?" ரப்பர் பேண்ட் அவள் மணிக்கட்டுக்குப் போனது, குச்சிகள் மடியில் கொட்டின. எண்ணி ஐந்தைக் கொடுத்தாள். மீதி ஒரு கட்டு, ஐந்து குச்சி. அவளே நோட்டை இழுத்து 25-ஐ அடித்து 15 என்று எழுதினாள்.

மணிச்சட்டத்தை இதற்குப் பிறகு எடுங்கள். அதில் பத்தாமிடத்து மணியும் ஒன்றாமிடத்து மணியும் ஒரே அளவுதான். ஒரு மணிக்குப் பத்து மதிப்பு என்பதைப் பிள்ளை நம்பித்தான் ஆகவேண்டும். கட்டுக்குள் பத்துக் குச்சி நிஜமாகவே இருக்கிறது. பத்துக் கட்டை நூலால் சேர்த்துக் கட்டினால் நூறு. அதன் கனம் கையிலேயே தெரியும்.

அடுத்து புளியங்கொட்டை. ஒரு பக்கத்தை வெள்ளை தெரியும்வரை சிமெண்ட் தரையில் தேய்க்கச் சொல்லுங்கள். (சூடேறியதும் பக்கத்துப் பிள்ளையின் கையில் வைத்துவிடுவார்கள், ஒரு கண் இருக்கட்டும்.) பத்துக் கொட்டையை உருட்டி, வெள்ளை எத்தனை, கறுப்பு எத்தனை என்று எழுதவைத்தால் 6+4, 7+3 எல்லாம் மனப்பாடம் செய்யாமலே வந்துவிடும்.

பின்னத்துக்கு வட்டம் வெட்டாதீர்கள். வட்டத்தை மூன்றாக மடிப்பது பெரியவர்களுக்கே சிரமம். பழைய காலண்டர் தாளில் 24 செ.மீ. நீளப் பட்டைகளாக வெட்டுங்கள். பாதி 12, மூன்றில் ஒன்று 8, கால் 6, ஆறில் ஒன்று 4, அரைக்கால் (எட்டில் ஒன்று) 3 என்று எல்லாம் முழு சென்டிமீட்டரில் வரும், பிள்ளைகளே ஸ்கேல் வைத்துக் கோடு போடலாம். கால் பட்டையையும் மூன்றில் ஒன்றையும் அடுத்தடுத்து வைத்ததும் "நாலு பெருசுதானே டீச்சர், அப்ப ஏன் இது குட்டையா இருக்கு?" என்று யாராவது கேட்பார்கள். உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். ஒரு முழுப் பட்டையைக் கையில் கொடுத்து, நாலு பேருக்குப் பங்கு போடச் சொல்லுங்கள்.