டி.சி. வாங்கும் முன்

கேள்வி: என் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து இங்கே அரசுப் பள்ளியில்தான் படிக்கிறாள். பத்தாம் வகுப்பில் 418 மார்க். டவுனில் தனியார் மெட்ரிக் பள்ளியில் ஃபர்ஸ்ட் குரூப் சேர்க்கச் சொல்கிறார் என் கொழுந்தனார். பாதி ஃபீஸ் தருகிறாராம். அவளோ அக்கவுண்டன்சிதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். எங்கள் இட்லிக் கடைக் கணக்கை அவள்தான் எழுதுகிறாள். என்ன செய்யட்டும், டீச்சர்?
- ஒரு தாய், யா.ஒத்தக்கடை

பதில்: முதலில் டி.சி. வாங்காதீர்கள், தாயி. மற்றதை அப்புறம் பேசலாம்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவத்தில் 2020-லும், இன்ஜினீயரிங், வேளாண்மை, சட்டம் போன்றவற்றில் 2021-லும் 7.5 சதவீத இடம் ஒதுக்கினார்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். உங்கள் மகள் ஐந்து வருடத்தைத் தாண்டிவிட்டாள். மிச்ச இரண்டை மெட்ரிக்கில் படித்தால் அந்த ஐந்தும் செல்லாக்காசு. காலேஜில் மாதம் 1,000 ரூபாய் வரும் புதுமைப்பெண் திட்டமும் கைவிட்டுப் போகும்.

என் வகுப்புப் பெண் ஒருத்தி இப்படித்தான் ப்ளஸ் ஒன்னுக்கு வேறு பள்ளி போனாள். டி.சி. வாங்க வந்தவளிடம் 'நல்லா படி' என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். இரண்டு வருடம் கழித்து இன்ஜினீயரிங் கவுன்சலிங் சமயத்தில் அவள் அப்பா போன் செய்தார். அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்திருந்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டியிருக்கும். எனக்குப் பேச்சு வரவில்லை.

ஒத்தக்கடையில் இருந்துகொண்டு அரசுப் பள்ளியை விட்டு ஓட யோசிக்கலாமா? பக்கத்துக் கொடிக்குளத்தில் நடுநிலைப் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாக்க, ஆயி என்ற பூரணம் அம்மாள் 2024-ல் 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை எழுதிக் கொடுத்தாரே!

சரி, குரூப்புக்கு வருவோம். கணிதமும் உயிரியலும் சேர்ந்த ஃபர்ஸ்ட் குரூப் எடுத்தால் டாக்டர், இன்ஜினீயர் இரண்டுக்கும் போகலாம். காமர்ஸ் எடுத்தால் அந்த இரண்டும் கிடையாது. இதை அவளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பி.காம்., சி.ஏ. உண்டு, சட்டக் கல்லூரிக்கு 7.5-லேயே போகலாம். முப்பது வருடம் காமர்ஸ் நடத்தியவள் சொல்கிறேன்: பற்று எது, வரவு எது என்று புரியவைக்கவே எனக்கு ஜூலை முழுக்கப் போய்விடும். மாவு மில்லுக்குத் தர வேண்டிய பாக்கியையும், கடன் சொல்லிச் சாப்பிட்டவர் தர வேண்டியதையும் தனித்தனிப் பக்கத்தில் எழுதுகிற பிள்ளைக்கு ஒரு வாரம் போதும். அவள் நோட்டில் அப்படி இருக்கிறதா, பாருங்கள்.

பள்ளியில் இரண்டு விஷயம் கேளுங்கள். அக்கவுண்டன்சிக்கு ஆசிரியர் இருக்கிறாரா, பணியிடம் காலியா? காமர்ஸ் குரூப்பில் நான்காவது பாடம் வணிகக் கணிதமா, கணினிப் பயன்பாடா? சி.ஏ.வின் முதல் தேர்வான ஃபவுண்டேஷனில் கணிதத் தாள் உண்டு என்பதால், இருந்தால் வணிகக் கணிதத்தையே எடுக்கச் சொல்லுங்கள்.

கொழுந்தனார் தருவதாகச் சொன்ன பணத்தை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். இரண்டு வருடம் கழித்து சி.ஏ.வுக்குப் பதிவு செய்யும்போது கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.