வளவு வீடா, புது வீடா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் கணவர் பணி ஓய்வு பெற்றுவிட்டதால், சென்னையை விட்டுக் காரைக்குடிப் பக்கம் குடியேற முடிவு செய்திருக்கிறோம். பள்ளத்தூரில் ஏறக்குறைய 90 ஆண்டுப் பழமையுள்ள வளவு வீடு (நடுவில் முற்றமும் அதைச் சுற்றி அறைகளும் உள்ள செட்டிநாட்டு வீடு) ஒன்று 48 லட்சத்துக்கு வருகிறது. ஐந்து புள்ளிகளுக்கு (பங்காளிக் குடும்பங்களுக்கு)ப் பொதுவான அந்த வீட்டை விற்க நான்கு புள்ளியினர் சம்மதித்துவிட்டார்கள். மலேசியாவில் இருக்கும் ஐந்தாமவரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் தரகர். காரைக்குடிப் புறவழிச்சாலையை ஒட்டிய மனைப்பிரிவில், மேஸ்திரி ஒருவர் விற்பனைக்கென்றே கட்டி முடித்த இரண்டு படுக்கையறை வீடு 60 லட்சம். எங்களுடன் 82 வயது மாமியாரும் இருக்கிறார். பழைய வீடு தாங்குமா என்ற பயமும், புது வீட்டின் தரத்தைப் பற்றிய ஐயமும் சேர்ந்து குழப்புகின்றன. எதை வாங்குவது?
– வாசகி, சென்னை

பதில்: அம்மா, அந்த வீடு தாங்குமா என்று பார்ப்பதற்கு முன்னால், அது முழுமையாக உங்கள் கைக்கு வருமா என்று பாருங்கள். நீங்கள் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர் அல்லர் என்று கொள்கிறேன். பிரிக்கப்படாத குடும்ப வீட்டில் வெளியார் ஒருவர் பங்கு வாங்கினால், மற்றப் பங்காளிகளோடு கூட்டாக அதில் குடியிருக்கும் உரிமை அவருக்குக் கிடைக்காது என்று 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 44-ஆம் பிரிவில் சொல்கிறது. சரி, பாகம் பிரித்துத் தரும்படி வழக்குத் தொடுக்கலாம் என்றால், 1893-ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டத்தைக் காட்டி, உங்கள் பங்கையே நீதிமன்றம் குறிக்கும் விலைக்குத் தமக்குத் தரும்படி அந்த ஐந்தாமவர் கேட்க முடியும். ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று தரகர் சொல்வது அவருடைய தரகுக்குப் பொருந்தும். உங்கள் 48 லட்சத்துக்குப் பொருந்தாது.

ஐந்தாமவர் ஊருக்கு வர இயலாவிட்டால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற அதிகார ஆவணத்தை (பவர் பத்திரத்தை) அனுப்பச் சொல்லுங்கள். அது இந்தியா வந்து சேர்ந்த 3 மாதங்களுக்குள் இங்கே அதற்கு முத்திரைத் தீர்வை செலுத்தியாக வேண்டும். ஒவ்வொரு புள்ளியிலும் காலமானவர்களின் வாரிசுகள் யார் யார் என்று பட்டியல் எழுதி வாங்குவதும் அவசியம். ‘சீர் செய்து கட்டிக்கொடுத்தாயிற்று’ என்று சொல்லிப் பெண் மக்களை விட்டுவிடுவது இங்கே வாடிக்கை. சட்டம் அதை ஏற்காது, அவர்களும் கையெழுத்திட வேண்டியவர்களே. இணையத்தில் கிடைக்கும் வில்லங்கச் சான்று பொதுவாக 1975 முதல்தான் இருக்கும் என்பதால், அதற்கு முந்தைய காலத்துக்குத் தாய்ப்பத்திரங்களையும் சார்பதிவாளர் அலுவலகத்துப் பழைய பதிவுகளையும் வழக்கறிஞர் ஒருவர் நேரில் பார்த்தாக வேண்டும்.

கிரயப் பத்திரத்தில் நிலைகள், கதவுகள், தூண்கள், உத்திரங்கள் அனைத்தும் விற்பனையில் அடக்கம் என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். முன்பணம் கொடுத்த பின் முகப்பு நிலைக்கதவைக் கழற்றிக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு அனுப்பிவிட்டால், உங்களிடம் மிஞ்சுவது சுவரில் ஒரு பெரிய ஓட்டைதான்.

இந்தக் கையெழுத்துகள் எல்லாம் வந்து சேர்ந்தால், கட்டடத்தைப் பற்றிக் கலங்க வேண்டியது குறைவு. பர்மா தேக்கின் வைரம் பாய்ந்த மரத்தைக் கரையான் எளிதில் தொடாது. ஆனால் நனைந்து நனைந்து காயும் இடத்தில் தேக்கும் உளுத்துப்போகும். அப்படி உளுக்கும் இடம் கண்ணுக்குத் தெரியாதபடி, உத்திரமும் கைமரமும் (கூரை ஓட்டைத் தாங்கும் சாய்மரமும்) சுவருக்குள் நுழையும் நுனியில் இருக்கும். முற்றத்தின் நான்கு மூலைகளிலும், இரண்டு கூரைச் சரிவுகள் சேரும் உள்மடிப்புக்குக் கீழே ஏணி வைத்து ஏறி, மரம் சுவரைத் தொடும் இடத்தில் திருப்புளியால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். முனை எதிர்த்து நின்றால் மரம் நலமாக இருக்கிறது. விரல் நீளம் உள்ளே இறங்கினால், அந்த உத்திரத்தை மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேச வேண்டும். சுவரின் அடிப்பகுதியில் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்திருந்தால், பழைய சுண்ணாம்புச் சுவரின் மேல் யாரோ சிமென்ட் பூசியிருக்கிறார்கள் என்று சந்தேகியுங்கள். சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வாங்கி வெளியே விட்டுவிடும். சிமென்ட் பூச்சு அதைச் சுவருக்குள்ளேயே அடைத்துவைக்கும். அந்தப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு மீண்டும் சுண்ணாம்பே பூச வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்ந்ததைச் சொல்லி விலையை ஏற்றுவார்கள். அந்தப் பட்டியலிலிருந்து ஓடு மாற்றுவதற்கு உங்களுக்கு ஒரு ரூபாயும் வராது.

புது வீட்டைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். மனைப்பிரிவுக்கும் கட்டடத்துக்கும் ஒப்புதல் பெற்ற வரைபடங்களை வாங்கி, கட்டியிருப்பதோடு ஒப்பிடுங்கள். அந்த நிலம் முன்பு கண்மாயாகவோ ஊருணியாகவோ இருந்ததா என்பதை வருவாய்த் துறையின் ‘அ’ பதிவேட்டிலும் (நில விவரப் பதிவேடு) புலப்படத்திலும் (நில அளவை வரைபடம்) பாருங்கள். பூச்சில் தெரியும் மயிரிழை விரிசல்கள் பெரும்பாலும் பூச்சோடு நிற்பவை. கதவு, சன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக ஏறும் விரிசல்களைப் பொறியாளரிடம் காட்டாமல் விடக் கூடாது. ரியல் எஸ்டேட் சட்டப்படி பதிவு செய்த திட்டங்களில் கட்டுமானக் குறைகளுக்கு 5 ஆண்டுப் பொறுப்பு உண்டு என்றாலும், மேஸ்திரி தனியாகக் கட்டிய ஒற்றை வீடு பொதுவாக அந்தப் பதிவுக்குள் வராது. ஆகவே அதே பொறுப்பை விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். ஓர் ஐப்பசி மழையைப் பார்த்த பிறகு வாங்க முடிந்தால் இன்னும் நல்லது. சித்திரை வெயிலில் பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் தளம் இரவில் வெப்பத்தைக் கீழே இறக்கும் என்பதையும், மொட்டைமாடியில் வெள்ளை ஓடு பதிக்கும் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பழைய வீடுகளின் மேல் பற்று அதிகம். ஆயினும் உங்கள் மாமியாரின் வயதை மறந்து பதில் சொல்ல முடியவில்லை. உயர்ந்த திண்ணைப் படிகளும், வீட்டின் ஒவ்வொரு கட்டுக்கும் (பகுதிக்கும்) இடையே தாண்ட வேண்டிய வாசற்படிகளும், கடைசிக் கட்டுக்குள் இருக்கும் குளியலறையும் 82 வயதில் நாள்தோறும் இடர்தரும். ஐந்து புள்ளியினரும் இரண்டு மாதத்துக்குள் கையெழுத்திட முன்வந்து, முற்றத்தை ஒட்டிய ஓர் அறைக்குப் பின்புறத்தில் புதிதாகக் குளியலறை கட்டவும் பணம் மிஞ்சுமானால் பள்ளத்தூர் வீட்டை வாங்குங்கள். ஒருவர் தயங்கினாலும் முன்பணம் கொடுக்காமல் புது வீட்டுக்குப் போய்விடுங்கள். வங்கிக் கடன் தேவைப்பட்டாலும் அதே முடிவுதான்; கட்டடத்தின் வயதையும் பங்காளிகளின் எண்ணிக்கையையும் கண்டாலே வங்கிகள் பின்வாங்கும்.

கேள்வி: நாங்கள் வாங்கியிருக்கும் பழைய வீட்டில் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கற்கள் மங்கிக் கிடக்கின்றன. பெயர்த்துவிட்டுப் பளிங்கு போடலாமா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: பெயர்க்க வேண்டாம். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுடப்படுவதில்லை. கண்ணாடியின் மேல் வண்ணச் சாந்தை ஊற்றிக் கையால் செய்து, நீரில் ஊறவைத்துப் பதப்படுத்திய சிமென்ட் கல் அது. கழிவறைக்கு வாங்கும் ஆசிட்டை ஊற்றித் துடைத்ததால்தான் பெரும்பாலும் நிறம் போகிறது. அதை நிறுத்திவிட்டு, வெறும் நீரில் துடைத்துக் காயவிட்டு, துணியில் சிறிது தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்து வாருங்கள். உடைந்த கற்களுக்கு மட்டும் ஒரு மாதிரிக் கல்லை ஆத்தங்குடிக்கே கொண்டுபோய், அதே பூவேலையில் செய்து வாங்கிப் பதித்துக்கொள்ளலாம்.